பத்து மாடி ஹாஸ்டல் பிறந்த கதை

1980-களில் அசோக் லேலண்டும் டைட்டனும் ஓசூரில் ஆலை திறந்தபோது, வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஊருக்குள் வாடகை வீடு பிடித்தார்கள். கைப்பேசி ஆலைகள் வந்ததும் அந்த ஏற்பாடு போதவில்லை. இவற்றுக்கு ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் தேவைப்பட்டார்கள். தருமபுரியிலிருந்தும் வந்தார்கள், ஜார்க்கண்டிலிருந்தும் வந்தார்கள். கிடைத்த கட்டடமெல்லாம் ஹாஸ்டல் ஆனது.

அதன் விளைவு 2021 டிசம்பரில் தெரிந்தது. சென்னையை அடுத்த பூந்தமல்லி அருகே ஒரு ஹாஸ்டலில் சாப்பிட்ட ஃபாக்ஸ்கான் கைப்பேசி ஆலைப் பெண்களில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளின் நிலை பற்றிச் சரியான பதில் கிடைக்காததால், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவெல்லாம் பெண்கள் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2022 ஜனவரி 12-ல்தான் திரும்பத் திறந்தது. சிலர் தரையில் படுத்துத் தூங்கியதும், கழிப்பறையில் தண்ணீர் வராததும் அப்போதுதான் வெளியே வந்தன.

அந்த மறியலுக்குப் பிறகு, தங்குமிடத்தை ஒப்பந்தக்காரர் பொறுப்பில் விட்டுவிட முடியாமல் போனது. 2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில், தமிழக அரசு நிறுவனமான சிப்காட் கட்டிய பெண் தொழிலாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. 20 ஏக்கர் நிலம், 706.50 கோடி ரூபாய் செலவு, பத்து மாடிகளோடு 13 கட்டடங்கள். ஒவ்வொன்றிலும் 240 அறை, அறைக்கு ஆறு பேர் என்று மொத்தம் 18,720 பெண்களுக்கு இடம்.

அதே நெடுஞ்சாலை கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்கு வருகிறது; அடுக்குமாடி ஹாஸ்டலும் வந்துவிட்டது. ஓர் அறையில் நைட் ஷிப்ட் முடித்தவள் போர்வையை இழுத்து மூடும்போது, ஜெனரல் ஷிப்ட்காரி விளக்கைப் போடாமல் அடையாள அட்டையைத் தேடுகிறாள். தமிழும் இந்தியும் ஒடியாவும் ஒரே அறையில் கலக்கின்றன. அங்கே ஒருத்திக்குத் தனிமை கிடைக்கும் ஒரே இடம் குளியலறை.

அந்த இடத்திலும் கை வைத்தார்கள். 2025 நவம்பரில் ஓசூர்ப் பக்கம் நாகமங்கலம் அருகே ஒரு பெண்கள் ஹாஸ்டல் குளியலறையில் ரகசிய கேமரா சிக்கியது. ஆயிரக்கணக்கான பெண்கள் இரவோடிரவாகத் திரண்டு போராடினார்கள். அதன்பின் கைதுகள் நடந்தன.

நல்ல கட்டில், நல்ல சோறு, ஓடும் தண்ணீர் எதுவும் இவர்களுக்குச் சும்மா கிடைக்கவில்லை. சாலையில் உட்கார்ந்துதான் வாங்கினார்கள். இனியும் அப்படி உட்கார வைக்கக் கூடாது. மாடிக்கு ஒரு பிரதிநிதியைப் பெண்களே தேர்ந்தெடுக்கட்டும். சமையல் ஒப்பந்தம் முதல் குளியலறைச் சோதனை வரை அந்தப் பிரதிநிதிகள் குழுவின் கையெழுத்து இல்லாமல் எதுவும் நடக்கக் கூடாது. அடுத்த ஹாஸ்டலுக்கு அனுமதி கொடுக்கும்போதே இதை நிபந்தனையாக எழுதிவிட வேண்டும்.