படுவான்கரை

படுவான்கரை, இலங்கையின் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாக விரியும் நிலப்பரப்பு. அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான போர்க்காலத்தில் இரு தரப்புக் கட்டுப்பாட்டுப் பகுதிகளும் சந்தித்த எல்லைப்புறம். சூரியன் படும் கரை என்பது பெயர்ப்பொருள். கடலை ஒட்டிய கிழக்குப் பகுதி எழுவான்கரை. கொக்கட்டிச்சோலை, வவுணதீவு, வெல்லாவெளி ஆகியவை இங்குள்ள முக்கிய ஊர்கள்.

1987 சனவரியிலும் 1991 சூனிலும் கொக்கட்டிச்சோலைப் பகுதியில் பொதுமக்கள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டனர். 2002 போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின் வாவியே எல்லையாக நின்றது. மண்முனைத் துறையில் ‘பாதை’ எனப்படும் மிதவையில் சைக்கிளும் நெல்மூட்டையும் ஏற்றிக் கடந்தவர்கள் இரு தரப்புச் சோதனைகளுக்கும் உள்ளாயினர்.

இங்கு பாதுகாப்பு நிலையைப் படைபலத்தைவிட அரசியல் பிளவுகளே கூடுதலாக மாற்றின. 2004 மார்ச்சில் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா அவர்களிலிருந்து பிரிந்ததும் போர்நிறுத்தம் இருக்கும்போதே கொலைகள் பெருகின. 2007இல் படையினர் இப்பகுதியைக் கைப்பற்றியபோது பல்லாயிரவர் இடம்பெயர்ந்தனர். 2008 மே கிழக்கு மாகாணசபைத் தேர்தலுக்குப் பின், பிரிந்த அணியின் சிவநேசதுரை சந்திரகாந்தன் முதலமைச்சரானார். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது.

2018 நவம்பர் 30இல் வவுணதீவுச் சோதனைச்சாவடியில் இரு பொலிசார் கொல்லப்பட்டனர். பழி முன்னாள் போராளிகள்மீது விழுந்தது. அவர்களில் ஒருவர் மாதக்கணக்கில் தடுத்துவைக்கப்பட்டார். கொன்றது, 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களை நடத்திய இசுலாமியத் தீவிரவாதி சகரான் ஹாசிமின் குழு என்பது அத்தாக்குதல்களுக்குப் பிறகே வெளிப்பட்டது.