மலைக்கு மாற்றப்பட்ட வாத்தியார்கள்

எங்க பெரியப்பா ரிட்டயர்டு வாத்தியார். வருசத்துக்கு ஒரு தடவை போடி கருவூலத்துக்குப் போய் 'உசுரோட இருக்கேன்' என்று காட்டிவிட்டு வருவார். அவரோடு வேலை பார்த்தவர்களும் அங்கே வருவார்கள். டீக்கடை பெஞ்சில் அகவிலைப்படியில் தொடங்குகிற பேச்சு, எப்படியும் ட்ரெயினிங் காலத்தில் போய் நிற்கும். சேரியிலிருந்து பயிற்சிக்குப் போன முதல் தலைமுறை அது.

அந்தப் பயிற்சி நமக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. சென்னையில் அரசு 1856லேயே ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அதுவே பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி ஆயிற்று. பஞ்சமர் கல்விக்கென்று அரசாணை வர 1893 ஆனது. சேரிகளில் பள்ளி, பயிற்சிக்குப் போகும் பஞ்சமருக்கு உதவித்தொகை என்றது அந்த ஆணை. பயிற்சிக்கு எதற்குத் தனி உதவி? சாதி இந்து வாத்தியார் சேரிக்குள் கால் வைக்க மறுத்தார். நம் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லித்தர நம்மில் ஒருவர்தான் வேண்டியிருந்தது. மாகாணச் சட்டமன்றத்தில் நமக்காகப் பேசிய எம்.சி. ராஜாவும் முதலில் பள்ளி ஆசிரியர்தான்.

மதுரைப் பக்கம் இந்த வேலையில் முன்னால் நின்றது அமெரிக்கன் மிஷன். 1845லிருந்து பசுமலையில் அதன் கல்விக்கூடம் இருந்தது. பிறகு அங்கே ஆசிரியர் பயிற்சியும் வந்தது. மதுரை கேப்ரன் ஹாலில் பெண்கள் பயிற்சி பெற்றார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு காமராஜர் காலத்தில் ஊர் ஊராய்ப் பள்ளி திறந்தபோது வாத்தியார்கள் ஏராளமாய்த் தேவைப்பட்டார்கள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து இரண்டு வருசம் பயிற்சி. ஏலத்தோட்டக் கூலிக்காரி மகனுக்கு அதைவிடக் குறுக்குவழி ஏது? பாடக்குறிப்பு எழுதவும், தக்கிளியில் நூல் நூற்கவும் கற்றுக்கொடுத்தார்கள். சாதி வெறி பிடித்த ஊரில் எப்படிப் பாடம் நடத்துவது என்று மட்டும் சொல்லித்தரவில்லை.

அதை வேலையில்தான் படித்தார்கள். 1981 ஜூன் முதல் தேதி அரசு ஊழியர் ஆக்கப்படும்வரை அவர்கள் ஊராட்சி ஒன்றியத்து ஆசிரியர்கள். ஒன்றியத்தில் யார் கை ஓங்கியிருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. நாற்காலியை விட்டு எழவில்லை, டீக்கடையில் சமமாய் உட்கார்ந்தார் என்பதெல்லாம் குற்றம். "மலைக்குத் தூக்கிருவேன்" என்பது மிரட்டல். இந்தப் பக்கம் மலை என்றால் குரங்கணி, அதற்கும் மேலே முதுவாக்குடி.

டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குத் தேயிலை இறக்க வெள்ளைக்காரன் ரோப்வே போட்டான். பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் ஏறியது ஒத்தையடிப் பாதையில். தண்டனை வாத்தியாருக்கு மட்டுமில்லை. தண்டனையாக அனுப்பப்பட்டவர்தான் உனக்கு ஆசிரியர் என்று முதுவர் பிள்ளைகளிடமும் சொன்ன மாதிரிதானே?

பெரியப்பா சொல்வார்: "மலையில என் சாதி என்னன்னு யாரும் கேக்கலடா. கீழ ஊருக்குள்ளதான் வாடகைக்கு வீடு தரல." அப்படியும் அவர் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தார், ராத்திரியில் மனு எழுதினார். அவர் சம்பளத்தில் எங்க தெருவில் நாலு பேர் படித்தோம். 1989ல் போடியில் சாதிக் கலவரம் நடந்தபோது, நடந்ததைத் தாளில் எழுதத் தெரிந்தவர்கள் இந்த வாத்தியார்கள்தான்.

1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின் மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனங்கள் வந்தன. தேனி மாவட்டத்துக்கு உத்தமபாளையத்தில் இருந்தது. அப்புறம் தனியார் பயிற்சிப் பள்ளிகள் முளைத்தன, கூலிக்காரர்கள் கடன் வாங்கிப் பீஸ் கட்டினார்கள். சான்றிதழ் வந்தது, வேலை வரவில்லை. 2003 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்சனும் நிறுத்தப்பட்டது. இரண்டு வருசப் பயிற்சி ஒரு குடும்பத்தைக் கரையேற்றிய காலம் அந்தத் தலைமுறையோடு முடிந்தது.

கருவூலப் பட்டியலில் பெயர்கள் குறைந்துகொண்டே வருகின்றன. அரசு ஆவணத்தில் அவர்கள் பணிப்பதிவேட்டில் 'மாறுதல்' என்று ஒரு வார்த்தை இருக்கும். ஏன் மாறுதல் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். மாணவத் தோழர்களே, உங்க தெரு பென்சன் வாத்தியாரிடம் ஒரு நோட்டோடு போய் உட்காருங்கள். எந்தப் பள்ளிக்கு, எந்த வருசம், எதுக்காக மாத்துனாங்க என்று கேளுங்கள்.