மழை பார்த்து மாறும் மோடம்

36,000 கிலோமீட்டர் உயரச் செயற்கைக்கோளிலிருந்து இறங்கும் சிக்னல், தரைக்கு வரும்போது மிகவும் மெலிந்து இரைச்சலோடு கலந்திருக்கும். பிழை திருத்தாமல் அதிலுள்ள தரவை நம்பகமாக மீட்பது கடினம்.

வழி 1960-லேயே பிறந்தது. எம்.ஐ.டி. மாணவர் ராபர்ட் கேலகர் முனைவர் பட்ட ஆய்வில் எல்.டி.பி.சி. என்னும் பிழைதிருத்தக் குறியீட்டைத் தந்தார். அந்தக் கணக்கைச் சுமக்க அன்றைய கருவிகளுக்குத் தெம்பில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கிடப்பில் கிடந்தது. எவ்வளவு பெரிய இழப்பு!

2005-இல் தரநிலையான டி.வி.பி.-எஸ்2 என்ற செயற்கைக்கோள் ஒளிபரப்பு முறை அதைக் கையில் எடுத்தது. நிலையான அமைப்பில் ஓடிய பழைய மோடம் அடைமழைக்கு அஞ்சி வெயிலிலும் மெதுவாகவே அனுப்பியது. புதியது, எதிர்முனை சொல்லும் சிக்னல் தரத்தைக் கேட்டு பண்பேற்றமும் குறியீட்டு விகிதமும் சேர்ந்த 28 அமைப்புகளுக்குள் நொடியில் மாறும்: மழை கொட்டினால் மெதுவான, உறுதியான கியூ.பி.எஸ்.கே. 1/4, வானம் வெளுத்தால் வேகமான 32ஏ.பி.எஸ்.கே. 9/10. அதே அலைவரிசை அகலத்தில், மழை அமைப்பைவிட ஏறத்தாழ ஒன்பது மடங்குத் தரவு!