கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளியும் பெற்றோர் வினாக்களும்: தமிழகச் சூழலில் ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

தமிழக ஊர்களில் 'ஆர்.சி. பள்ளி' என வழங்கப்பெறும் கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோர், பள்ளியின் அன்றாட நடைமுறை குறித்துச் சில வினாக்களைத் தொடர்ந்து எழுப்பி வந்துள்ளனர். வழிபாடு, உடன் அமர்வோர், உணவும் கட்டணமும், தண்டனை ஆகியன அவற்றுள் முதன்மையானவை. இவ்வினாக்கள் பெரிதும் மாறவில்லை. விடையளிக்கும் பொறுப்பு யாரிடம் இருந்தது என்பதே காலந்தோறும் மாறியது. அம்மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளி, பெற்றோர் உரிமை, மறைக்கல்வி, உதவிபெறும் பள்ளி, சிறுபான்மையினர் உரிமை.

முன்னுரை

தமிழகக் கல்வி வரலாறு எழுதப்பெறும்போது ஆணைகள், ஆணையங்கள், நிறுவனர்கள் ஆகியோரே முன்னிலை பெறுகின்றனர். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளி வாயிலில் நின்ற பெற்றோர் அவ்வரலாற்றில் அரிதாகவே இடம்பெறுகின்றனர். அவர்கள் கேட்ட வினாக்கள் எளியவை: பிள்ளையை என்ன வேண்டுதல் சொல்லவைப்பார்கள்? யார் பக்கத்தில் உட்காரவைப்பார்கள்? சோறு உண்டா, பணம் கட்ட வேண்டுமா? அடிப்பார்களா? எளியவையாயினும் இவை ஒவ்வொன்றும் ஒரு சட்டத்தையோ வழக்கையோ நலத்திட்டத்தையோ தொட்டு நிற்கின்றன. கத்தோலிக்கப் பள்ளிகளில் கிறித்தவர் அல்லாத பிள்ளைகளும் பெருமளவில் பயில்வதால், இவ்வினாக்கள் அங்குக் கூடுதல் அழுத்தம் பெறுகின்றன.

வினா விடைக் கல்வியின் தொடக்கம்

தமிழ்நிலத்தில் கத்தோலிக்கக் கல்வி வினா விடை வடிவிலேயே வேரூன்றியது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், அடிப்படை மன்றாட்டுகளைத் தமிழில் பெயர்த்துச் சிறுவர்களுக்கு மனப்பாடம் செய்வித்தார். சிறுவர்கள் தாம் கற்றதைத் தாய் தந்தையர்க்கும் அயலார்க்கும் கற்பிக்க வேண்டும் என்பது அவர் கையாண்ட முறையாகும். அவருக்குப்பின் அண்டிரிக் அடிகளார் அச்சிட்ட தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்திலும், கிரிசித்தியானி வணக்கம் 1579இல் கொச்சியிலும் வெளிவந்தன. பின்னது ஆசிரியரும் மாணவரும் உரையாடும் முறையில் அமைந்தது. பிற்காலத்தில் 'சின்னக் குறிப்பிடம்' என்னும் பெயரால் சிறுவர் பயின்ற ஞானோபதேச நூலும் இம்மரபின் தொடர்ச்சியே ஆகும்.

இம்மரபில் வினவும் உரிமை ஆசிரியருக்கு உரியது. விடைகூறும் கடமை பிள்ளைக்கு உரியது. பெற்றோரோ, பிள்ளை வீட்டிற்குக் கொண்டுவரும் விடையைக் கேட்டுக்கொள்பவர். பெற்றோர் வினவவும் பள்ளி விடையளிக்கவும் வேண்டிய நிலை இம்மரபிலிருந்து இயல்பாகத் தோன்றவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது.

பெண்கல்வி தொடங்கியபோது இந்நிலை மாறியது. அயர்லாந்திலிருந்து பிரசன்டேஷன் சபை அருட்சகோதரியர் 1842இல் சென்னைக்கு வந்தனர். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில், 1844இல் கூடிய மறைமாநிலக் கூட்டத்தை அடுத்து, துப்புயி அடிகளார் பெண்கல்விக்கெனத் தமிழ்ப் பெண்களைக் கொண்ட துறவியர் சபையை அதே ஆண்டில் நிறுவினார். பெண் எழுத்தறிவதைக் குடும்ப ஒழுக்கத்திற்கு மாறாகக் கருதிய காலம் அது. மகளை ஆடவர் கற்பிக்கும் திண்ணைக்கு அனுப்பத் தயங்கிய பெற்றோர்க்கு, 'கற்பிப்பவர் யார்?' என்னும் வினா முதன்மையானதாக இருந்தது. 'கன்னியர் கற்பிப்பர்' என்பதே பள்ளி தந்த விடை. பெற்றோரின் அச்சத்தை உணர்ந்து ஒரு நிறுவனமே உருப்பெற்றமைக்கு இது தக்க சான்றாகும்.

வழிபாடு குறித்த வினா

1854ஆம் ஆண்டின் சார்லஸ் உட் கல்வி அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் வழங்க வழிவகுத்தது. அரசு சமயத்தில் நடுநிலை பேண வேண்டும் என்பதால், பள்ளியில் கற்பிக்கப்படும் சமயப் பாடத்தை ஆய்வாளர் கண்டுகொள்ளலாகாது என அது வகுத்தது. ஆய்வாளர் எழுத்தையும் கணக்கையும் சோதித்தார். மன்றாட்டைப் பற்றி வினவவில்லை. இந்நடுநிலை அரசுக்குப் பொருந்தியது. ஆனால் 'என் பிள்ளை எதைச் சொல்லிக் கும்பிடுகிறது?' என்று கேட்ட பெற்றோர்க்கு அரசிடம் விடையில்லை. பங்குக் குருவின் சொல்லை நம்பலாம். இல்லையேல் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொள்ளலாம். அவருக்கு இருந்த வழிகள் இவை இரண்டே.

1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்பு இதனை மாற்றியது. அரசின் ஏற்பு அல்லது நிதியுதவி பெற்ற கல்வி நிறுவனத்தில் பயிலும் எவரையும் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்குகொள்ளுமாறு கட்டாயப்படுத்தலாகாது என அதன் 28(3)ஆம் கூறு உரைக்கிறது. பயில்பவர் உரிய வயதை அடையாதவராயின், அவருடைய காப்பாளரின் இசைவு வேண்டும். அதே அரசமைப்பின் 30ஆம் கூறு, சிறுபான்மையினர் தம் விருப்பத்திற்கேற்பக் கல்வி நிறுவனங்களை அமைத்து நடத்தும் உரிமையை உறுதிசெய்கிறது. இவ்விரு கூறுகளும் ஒரே வகுப்பறையில் சந்திக்கின்றன.

இதன் விளைவைப் பல பள்ளிகளின் பாடவேளை அட்டவணையில் காணலாம். கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குச் செல்லும் பாடவேளையில் ஏனையோர் நன்னெறி வகுப்பில் அமர்கின்றனர். புதுநன்மைக்கான ஆயத்தம் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியது. ஆயினும் காலைக் கூட்டத்தில் சொல்லப்படும் மன்றாட்டு, வகுப்புத் தொடங்கும்போது இடப்படும் சிலுவை அடையாளம், பாதுகாவலர் திருநாள் போன்றவை இவ்விரண்டிற்கும் இடைப்பட்டவை. இவை வழிபாடா, பள்ளியின் பழக்கமா என்பதைப் பெற்றோர் கேட்டே அறிய வேண்டியுள்ளது. இசைவு எவ்வடிவில் பெறப்பட வேண்டும் என்பதை 28(3)ஆம் கூறு வரையறுக்கவில்லை. பள்ளியில் என்ன நிகழ்கிறது என்பதை அறியாதவர் தரும் இசைவு பொருளற்றதாகிவிடும். எனவே, பெற்றோர் வினாவிற்கு விடையளித்தல் பள்ளியின் பெருந்தன்மையைச் சார்ந்ததன்று. அரசமைப்பு எதிர்பார்க்கும் இசைவிற்கு அதுவே முன்நிபந்தனை எனலாம்.

உடன் அமர்வோர் குறித்த வினா

கத்தோலிக்க ஆலயங்களுக்குள் சாதிப் பிரிவினை நிலவியமை ஆய்வாளர்களால் விரிவாகப் பதிவுசெய்யப்பட்டுள்ளது. வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிகளைப் பிரித்த சுவர் 1910இல் இடிக்கப்பட்டதையும், அதனைத் தொடர்ந்த வழக்கையும் ஆ. சிவசுப்பிரமணியனின் 'கிறித்தவமும் சாதியும்' விவரிக்கிறது. ஞாயிறன்று பிரிந்து அமர்ந்தவர்களின் பிள்ளைகள் திங்களன்று ஒரே வகுப்பறைக்கு வர வேண்டியிருந்தது. ஆகவே 'யார் பக்கத்தில்?' என்னும் வினா இருமுனைப்பட்டது. ஒரு சாரார் தம் பிள்ளை பிறரோடு சேர்ந்து அமர்வதற்கு அஞ்சினர். மற்றொரு சாரார் தம் பிள்ளை ஒதுக்கி அமர்த்தப்படுமோ என அஞ்சினர். வினாவின் சொற்கள் ஒன்றாயினும் இவ்வச்சங்கள் இரண்டும் ஒரே மதிப்புடையன அல்ல. அரசமைப்பின் 17ஆம் கூறு தீண்டாமையை ஒழித்தது. சமயம், இனம், சாதி, மொழி ஆகியவற்றை மட்டும் காரணம் காட்டி, அரசு நிதியுதவி பெறும் நிறுவனத்தில் எவருக்கும் இடம் மறுக்கலாகாது என 29(2)ஆம் கூறு விதித்தது. இவற்றின் வாயிலாக முதல் அச்சத்திற்கு அரசு செவிசாய்க்க மறுத்தது. இரண்டாவது அச்சத்தைத் தன் பொறுப்பாக ஏற்றது.

எனினும் தலித் கிறித்தவப் பெற்றோரின் வினா இன்றும் முடிவுறவில்லை. 1950ஆம் ஆண்டின் அட்டவணைச் சாதியினர் ஆணை, இந்துக்களுக்கும் பின்னர் 1956இல் சீக்கியர்க்கும் 1990இல் பௌத்தர்க்கும் மட்டுமே அந்நிலையை அளிக்கிறது. தமிழகத்தில் கிறித்தவத்திற்கு மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம்பெறுகின்றனர். ஆதலால் சேர்க்கைப் பதிவேட்டில் சமயம், சாதி ஆகிய பகுதிகளை நிரப்பும் தருணம் அப்பெற்றோர்க்கு வெறும் எழுத்துப்பணியன்று. அங்கு எழுதப்படுவது பின்னாளில் மாற்றுச் சான்றிதழிலும் கல்விச் சலுகையிலும் எதிரொலிக்கும். 'என்ன எழுதச் சொல்கிறீர்கள்?' என்று அவர் தலைமையாசிரியரிடம் கேட்கும் வினாவிற்கு முழு விடை தரும் ஆற்றல் பள்ளியிடம் இல்லை.

உணவும் கட்டணமும்

மானியம் பெறும் பள்ளிகள் மாணவரிடமிருந்து சிறிதளவேனும் கட்டணம் பெற வேண்டும் என 1854ஆம் ஆண்டின் அறிக்கை பொதுவாக எதிர்பார்த்தது. கல்வியை இலவசமாகப் பெறுவோர் அதனை மதியார் என்பது அக்காலக் கருத்து. ஒரு நூற்றாண்டு கழிந்து, 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். இவ்வாறு பள்ளி பிள்ளையிடம் காசு கேட்கும் இடம் என்பதிலிருந்து பிள்ளைக்குச் சோறு தரும் இடமாக மாறியது.

காலை உணவுத் திட்டத்தின் வரலாறு உதவிபெறும் பள்ளிகளின் நிலையைத் தெளிவாகக் காட்டுகிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய இத்திட்டம் முதலில் அரசின் தொடக்கப்பள்ளிகளுக்கே உரியதாக இருந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளை காலையில் உண்டு வகுப்பிற்குச் செல்ல, அதே தெருவில் வாழும் உதவிபெறும் பள்ளிப் பிள்ளைக்கு அவ்வாய்ப்பு இல்லை. குடும்ப வறுமை ஒன்றாக இருக்கப் பள்ளியின் நிருவாகம் வேறாக இருந்ததே இதற்குக் காரணம். 2024 ஜூலை 15 அன்று ஊரகப் பகுதிகளின் உதவிபெறும் பள்ளிகளுக்கு இத்திட்டம் விரிவாக்கப்பட்டது. அதன் தொடக்க விழா திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் உள்ள புனித அன்னாள் தொடக்கப்பள்ளியில் நிகழ்ந்தது. நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கான விரிவாக்கம் 2025 ஆகஸ்ட் 26 அன்று மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்டது. இரு விழாக்களும் கத்தோலிக்கப் பள்ளிகளில் நிகழ்ந்தமை குறிப்பிடத்தக்கது. 'அங்கே உண்டு, இங்கே ஏன் இல்லை?' என்னும் வினா அரசின் விடையைப் பெற ஏறத்தாழ மூன்றாண்டுகள் ஆயின.

தண்டனை குறித்த வினா

'கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்' என்று கூறிப் பிள்ளையை ஆசிரியரிடம் ஒப்படைக்கும் வழக்கம் தமிழகத்தில் பரவலாக இருந்தது. கோதண்டம் முதலிய தண்டனைகள் திண்ணைப் பள்ளிகளில் வழங்கின. இச்சூழலில் கத்தோலிக்கப் பள்ளியின் 'கண்டிப்பு' குறையாகக் கருதப்படாமல், பிற சமயப் பெற்றோரையும் ஈர்த்த பெருமையாகவே எண்ணப்பட்டது. பிரம்பைக் கையளித்த பெற்றோரின் இடத்தில் இன்று, பிரம்பு பற்றி வினவும் பெற்றோர் நிற்கின்றனர். தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆம் விதி 2003இல் திருத்தப்பட்டு, உடலையும் மனத்தையும் வருத்தும் தண்டனை தடைசெய்யப்பட்டது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் இத்தடையை நாடு முழுமைக்கும் உரியதாக்கியது.

விடையளிக்கும் கடமை

கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு இடத்தைப் பெற்றோர்க்கு வழங்கியது. எனினும் 2012ஆம் ஆண்டின் திருத்தம், சிறுபான்மைப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் இக்குழுவின் பணியை ஆலோசனை அளவில் நிறுத்தியது. 2014 மே 6 அன்று பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, உதவிபெறும், உதவிபெறாத சிறுபான்மைப் பள்ளிகள் அனைத்தையும் இச்சட்டத்திலிருந்து விலக்கியது. சிறுபான்மையினரின் தன்னாட்சியைக் காப்பது இத்தீர்ப்பின் நோக்கமாகும். அத்தன்னாட்சி இல்லையெனில் இப்பள்ளிகள் தம் தனித்தன்மையை இழந்துவிடும் என்னும் வாதம் வலுவுடையது. ஆனால் அதன் மறுபக்கமாக, அரசுப் பள்ளிப் பெற்றோர் குழுவில் அமர்ந்து கேட்கும் வினாவை, கத்தோலிக்கப் பள்ளிப் பெற்றோர் தாளாளரின் அறைவாயிலில் நின்று கேட்க வேண்டியுள்ளது.

அரசின் சட்டம் விட்ட இடத்தில் திருச்சபையின் சட்டம் பேசுகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட கிறித்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான கல்வியாளர் என்கிறது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 796ஆம் சட்டத்தில், ஆசிரியர்கள் பெற்றோருடன் நெருங்கி ஒத்துழைத்து அவர்கள் கூறுவதை விருப்புடன் கேட்க வேண்டும் எனவும், பெற்றோர் சங்கங்களும் கூட்டங்களும் அமைக்கப்பட வேண்டும் எனவும் பணிக்கிறது. ஆகவே பெற்றோர்க்கு விடையளிப்பதால் தன்னாட்சி குறையும் என்னும் கருத்திற்கு, அத்தன்னாட்சிக்கு ஊற்றாகிய திருச்சபையின் ஆவணங்களிலேயே இடமில்லை.

முடிவுரை

கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளியின் அன்றாடம் குறித்த பெற்றோர் வினாக்களுக்குத் தொடக்கத்தில் குருவின் வாக்கும், பின்னர் அரசமைப்பும் அரசின் விதிகளும் விடையாயின. 2014க்குப் பின் அவ்விடைகளுள் ஒரு பகுதி மீண்டும் பள்ளியின் சொல்லுக்கே திரும்பியுள்ளது. இருப்பினும் அச்சொல் 1854ஆம் ஆண்டின் சொல்லன்று; 28(3)ஆம் கூறும் 796ஆம் சட்டமும் அதற்கு எல்லை வகுத்துள்ளன. நானூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வினவுவதைத் தன் கற்பித்தல் முறையாகக் கொண்ட ஒரு கல்வி மரபு, வினவப்படுவதையும் தன் முறையாகக் கொள்ளுமா என்பதே இன்று அதன் முன் நிற்கிறது. காலைக் கூட்டத்தில் என்ன சொல்லப்படுகிறது, மறைக்கல்வி நேரத்தில் பிற பிள்ளைகள் எங்கு அமர்கின்றனர் என்பனவற்றைச் சேர்க்கை நாளிலேயே எழுத்தில் தெரிவிக்கும் பள்ளி தன் உரிமையில் எதையும் இழப்பதில்லை. பெற்றோரின் இசைவை உண்மையான இசைவாக்கிக் கொள்கிறது.