தாள இணையைத் தேடி: தட்சுரோ யமாஷிதாவின் பாடல்களில் ஃபங்க், 1975–1984

தட்சுரோ யமாஷிதாவைப் பற்றி எழுதுவோர் முதலில் அவருடைய குரலைச் சொல்வார்கள். அடுத்து கோடை, கடல், நகரத்து இரவு என்று போவார்கள். அதில் பிழையில்லை. ஆனால் அவருடைய பாடல்களை வெளிவந்த வரிசையில் கேட்டு வந்தால், ஆண்டுக்கு ஆண்டு உண்மையில் மாறுவது வேறொன்று: டிரம்ஸிலும் பேஸ் கிட்டாரிலும் உட்கார்ந்திருக்கும் ஆட்கள். எந்தப் பாட்டில் யார் வாசித்தார்கள் என்பதைத் தம் ஆல்பங்களில் பாட்டுவாரியாக அச்சிடும் வழக்கம் யமாஷிதாவுக்கு உண்டு. அந்தப் பட்டியல்களே இக்கட்டுரைக்கு முதன்மை ஆதாரம். எனக்கு மிகப் பிடித்த ஐந்து பாடல்களை எடுத்துக்கொள்கிறேன்: ‘விண்டி லேடி’, ‘டான்ஸர்’, ‘பாம்பர்’, ‘ரைடு ஆன் டைம்’, ‘ஸ்பார்க்கிள்’. தமக்கு வேண்டிய தாள இணையை அவர் தேடி அடைந்த கதைதான் அவருடைய ஃபங்க்கின் வரலாறு என்பது என் துணிபு.

1953-இல் தோக்கியோவில் பிறந்தவர் யமாஷிதா. பள்ளியின் ஊதுகருவிக் குழுவில் அவர் கையில் இருந்தது தாளக் கருவி. அமெரிக்கப் படையினருக்காக ஜப்பானில் இயங்கிய எஃப்.இ.என். வானொலியே அவருக்கு இசைப் பள்ளிக்கூடம். 1973-இல் தாயெகோ ஒனுக்கி உள்ளிட்டோருடன் ‘சுகர் பேப்’ குழுவைத் தொடங்கினார். எய்ச்சி ஓதாக்கியின் நயாகரா முத்திரையில் 1975 ஏப்ரலில் வந்த ‘சாங்ஸ்’ அக்குழுவின் ஒரே ஆல்பம். முரட்டு ராக்கும் கிட்டாரோடு பாடும் நாட்டுப்புறப் பாணியும் கோலோச்சிய மேடைகளில், அடுக்குக் குரல்களோடு அமெரிக்க பாப் பாடிய இந்த இளைஞர்களுக்கு வரவேற்பு இல்லை. 1976 வசந்தத்தில் குழு கலைந்தது. அந்த ஆல்பத்தின் ‘டவுன்டவுன்’ பாட்டில் ஃபங்க்கை நோக்கிய சாய்வு தெளிவாகவே தெரிகிறது. கிட்டார் துள்ளுகிறது, அதைத் தாங்க வேண்டிய அடித்தளம் இன்னும் மெலிவாக இருக்கிறது.

தனிப்பாடகராக முதல் ஆல்பம் செய்ய வாய்ப்பு வந்தபோது அவர் நியூயார்க் போனதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். ஃபோர் சீசன்ஸ் குழுவுக்கு இசைக்கோவை செய்த சார்லி கலெல்லோவே தமக்கும் செய்ய வேண்டும் என்பது அவர் விருப்பம். 1976 இறுதியில் வெளிவந்த ‘சர்க்கஸ் டவுன்’ ஆல்பத்தின் ஒரு பக்கம் நியூயார்க்கிலும் மறுபக்கம் லாஸ் ஏஞ்சலஸிலும் பதிவானது. நியூயார்க் பக்கத்தில் டிரம்ஸ் ஆலன் ஷ்வார்ட்ஸ்பெர்க், பேஸ் வில் லீ. ‘விண்டி லேடி’ சுகர் பேப் மேடைகளில் ஏற்கெனவே பாடிய பாட்டுதான். இங்கே காலப்பிரமாணம் தளர்ந்து நடக்கிறது. இரண்டு தட்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை பேஸ் நிரப்பாமல் விடுகிறது. அந்த வெற்றிடம்தான் பாட்டை அசைக்கிறது. பழைய மெட்டு தகுந்த கைகளில் எப்படி வேறு பாட்டாகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று அவருடைய படைப்புகளில் இல்லை.

ஒவ்வொரு முறையும் நியூயார்க் போக முடியாது. அதே அடர்த்தியை உள்ளூரில் எழுப்ப முடியுமா என்ற கேள்விக்கு விடைதான் 1977-இன் ‘ஸ்பேஸி’. ஷுயிச்சி முராகாமி டிரம்ஸ், ஹருஓமி ஹோசோனோ பேஸ், ஹிரோஷி சாத்தோ விசைப்பலகை, சுனேஹிதே மாட்சுகி கிட்டார். நால்வருமே அந்நாளில் ஸ்டூடியோக்கள் தேடி அழைத்த வாசிப்பாளர்கள். ‘டான்ஸர்’ பாட்டில் முராகாமியின் தட்டு கனமாகவும் நிதானமாகவும் விழுகிறது. ஹோசோனோ சொற்ப சுரங்களோடு நிறுத்திக்கொள்கிறார். இருண்ட பாட்டு, துள்ளல் இல்லாத ஃபங்க். அடுத்த ஆண்டு ரொப்போங்கி பிட் இன் அரங்கில் பதிவான ‘இட்ஸ் எ பாப்பின் டைம்’ நேரடி ஆல்பத்தில் முராகாமியோடு அகிரா ஒகசாவா பேஸ் வாசித்தார். விசைப்பலகையில் ரியூச்சி சகாமோட்டோ. இசைக்காரர்கள் கொண்டாடினார்கள், விற்பனை எழவில்லை. ஆளுக்கு ஆள் நாள் குறித்து அழைக்க வேண்டிய கலைஞர்களை நிரந்தரக் குழுவாக வைத்துக்கொள்ளவும் இயலவில்லை.

1978 டிசம்பரில் வந்த ‘கோ அஹெட்!’ ஆல்பத்தை, இதுவே தம் கடைசி ஆல்பமாக இருக்கலாம் என்ற நினைப்பில்தான் அவர் செய்தார். அதனால் பாட்டுக்குப் பாட்டு பாணி மாறுகிறது. அவற்றுள் ஒன்று ‘பாம்பர்’. மினாகோ யோஷிதா வரிகள் எழுத, யுதாகா உயெஹாரா டிரம்ஸும் அகிஹிரோ தனாகா பேஸும் வாசித்தார்கள். தனாகாவின் வாசிப்பைச் சற்று நெருங்கிக் கேட்க வேண்டும். கட்டைவிரல் எலும்பால் தடித்த கம்பியைத் தட்டுகிறார். அடுத்த நொடியே விரலை மெல்லிய கம்பிக்கு அடியில் கொடுத்து இழுத்து விடுகிறார். கம்பி திரும்பி வந்து பலகையில் அறையும் ஓசை, டிரம்ஸின் ஓசையோடு சேர்ந்து ஒரே அடியாகக் கேட்கிறது. பேஸ் இங்கே சுரக்கருவி என்பதைவிடத் தோற்கருவியாகவே வேலை செய்கிறது. நான்கு எண்ணிக்கை கொண்ட சுற்றில் ஒவ்வோர் எண்ணிக்கையையும் நான்காகப் பகுத்து, அந்தப் பதினாறில் எதைத் தட்டுவது, எதை விடுவது என்பதுதான் ஃபங்க்கின் கணக்கு. நம் வழக்கில் சொன்னால் சதுஸ்ர நடை. உயெஹாராவும் தனாகாவும் அந்தப் பதினாறையும் கோபத்தோடு வாசிக்கிறார்கள்.

இந்தப் பாட்டு ‘லெட்ஸ் டான்ஸ் பேபி’ சிங்கிளின் மறுபக்கத்தில் இருந்தது. ஒசாகாவின் டிஸ்கோ அரங்குகள் இசைத்தட்டைத் திருப்பிப் போட்டன. நிறுவனத்தின் விளம்பரமோ விமர்சகர்களின் பரிந்துரையோ செய்யாததை ஆடுகளம் செய்தது. யமாஷிதாவின் தொழில் வாழ்வு திரும்பிய இடம் இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். தோக்கியோவின் ஸ்டூடியோக்கள் அவரைத் திறமைசாலியாக மதித்தன. அவருக்குக் கூட்டத்தைத் திரட்டிக் கொடுத்தது ஒசாகா.

அதன்பின் கிடைத்தது தேடிய இணை. டிரம்ஸில் ஜுன் அவோயாமா, பேஸில் கோகி இட்டோ. இருவரும் ஏற்கெனவே சேர்ந்து வாசித்துப் பழகியவர்கள். 1980 மே மாதம் வந்த ‘ரைடு ஆன் டைம்’ பாட்டில் அவோயாமாவின் ஸ்னேர் மயிரிழை தாமதித்து, முழுக் கனத்தோடு இறங்குகிறது. ‘பாம்பர்’ காட்டிய பதற்றம் இங்கே இல்லை. அடித்தளம் இவ்வளவு உறுதியாக நிற்பதால்தான் மேலே அந்தக் குரல் நீண்ட சுரங்களைத் தயங்காமல் பிடித்து நிற்கிறது. அவருடைய பாடும் முறையே இந்த இணையால் விரிந்தது. இந்தப் பாட்டு ஒலித்த மாக்செல் ஒலிநாடா விளம்பரத்தில் யமாஷிதாவே சைப்பான் கடலில் நின்று தோன்றினார். பாட்டு ஜப்பானின் ஓரிகான் விற்பனைப் பட்டியலில் 3-ஆம் இடம் வரை ஏறியது. அதே பெயரில் வந்த ஆல்பம் முதலிடம் பிடித்தது. வெற்றிக்கு விளம்பரத்தைக் காரணம் காட்டுவது வழக்கம். விளம்பரம் பாட்டை வீட்டுக்குள் கொண்டுவந்தது. அதைத் திரும்பத் திரும்பக் கேட்கவைத்தது அந்த ஸ்னேர்.

1982 ஜனவரியில் வந்த ‘ஃபார் யூ’ ஆல்பத்தின் முதல் பாட்டு ‘ஸ்பார்க்கிள்’. யமாஷிதாவின் டெலிகாஸ்டர் கிட்டார் தனியாகத் தொடங்குகிறது. இடக்கை கம்பியை அழுத்தி உடனே தளர்த்துவதால் ஒவ்வொரு சுரமும் பிறந்த கணமே வெட்டுப்படுகிறது. வலக்கை நிற்காமல் மேலும் கீழும் போய்வருகிறது. அவோயாமாவும் இட்டோவும் உள்ளே வரும்போதுதான் தெரிகிறது, நடை முழுவதையும் கிட்டார் முன்பே சொல்லிவிட்டது என்பது. தாளக்காரராகத் தொடங்கியவர் கிட்டாரையும் தாளக் கருவியாகவே கையாள்கிறார். ஐசின் சுசுகி வரைந்த பிரகாசமான அட்டைப்படத்தோடு இந்த ஆல்பம் கோடைக்காலத்தின் அடையாளமாகிப்போனது. அந்த ஒளிக்குள் இருக்கும் உழைப்பு அதிகம் பேசப்படவில்லை.

1983-இன் ‘மெலடீஸ்’ ஆல்பத்திலிருந்து கவனம் வேறு பக்கம் திரும்புகிறது. அதிலுள்ள ‘கிறிஸ்மஸ் ஈவ்’ பின்னர் ரயில்வே விளம்பரத்தால் புகழ்பெற்று 1989 டிசம்பரில் முதலிடம் அடைந்தது. அது ஃபங்க் அல்ல, நம் ஆய்வுக்கு வெளியே நிற்கிறது. ஆனால் அவர் மனைவி மரியா தக்கேவுச்சி 1984-இல் எழுதிப் பாடிய ‘பிளாஸ்டிக் லவ்’ உள்ளேதான் வருகிறது. இசைக்கோவையும் தயாரிப்பும் யமாஷிதா. தாளம் அதே அவோயாமா, இட்டோ. 2017-க்குப் பின் யூடியூப் வழியே உலகெங்கும் பரவி, ஜப்பானிய மொழி அறியாத இளைஞர்களையும் ஈர்த்தது இந்தப் பாட்டு. அதைப் பழைய நாள் ஏக்கம் என்று விளக்குவோர் உண்டு. அந்த நாளைக் காணாதவர்களுக்கு ஏக்கம் எங்கிருந்து வரும்? அவர்களை அசைத்தது அந்த இருவரின் தாளம் என்றே நான் கொள்கிறேன்.

1986-இன் ‘பாக்கெட் மியூசிக்’ முதல் கணினியும் டிஜிட்டல் பதிவும் ஸ்டூடியோவில் தாளத்தின் பெரும்பங்கை எடுத்துக்கொண்டன. மேடையில் இணை தொடர்ந்தது. 1989-இன் ‘ஜாய்’ நேரடி ஆல்பம் அதற்குச் சாட்சி. 2008 முதல் டிரம்ஸில் அமர்ந்தவர் இளைஞர் தாகுமி ஒகசவாரா. அவோயாமா 2013-இல் மறைந்தார். 2022-இல் வந்த ‘சாஃப்ட்லி’ ஆல்பத்தில் ஒகசவாராவுக்குப் பக்கத்தில் பேஸ் வாசித்தவர் கோகி இட்டோ.