பாதிரிக்குடியார் காவல்

தாமிரபரணியும் சிற்றாறும் கயத்தாறும் ஒன்றுகூடும் முக்கூடல், சீவலப்பேரியை ஒட்டி அமைந்துள்ளது. பள்ளு இலக்கியத்தால் புகழ்பெற்ற அத்துறையைக் காணச் செல்வோர் பலர். அதன் அண்மையில், மறுகால்தலை என்னும் சிற்றூரில் பூவிலுடையார் மலை என்றொரு குன்று இருப்பதை அறிந்தோர் சிலரே. அக்குன்றின் குகைத்தளத்தில் துறவியர் தங்கிய கற்படுக்கைகள் உள்ளன. அங்குள்ள பாறையில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரே ஒரு வரி வெட்டப்பட்டுள்ளது. காசிபன் என்னும் பெயருடையார் ஒருவர் அப்படுக்கையைச் செய்து கொடுத்தார் என்பது அதன் பொருள். பொருநைக் கரையில் சமண அறம் ஊன்றிய தொன்மைக்கு அவ்வொரு வரியே போதிய சான்று.

அக்குன்றிலிருந்து சில கல் தொலைவில் பாளையங்கோட்டை உள்ளது. ஊரின் பெயரிலேயே கோட்டை இருக்கிறது. ஆயினும் மதில் இல்லை. 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பிச் சென்றது இக்கோட்டையிலிருந்துதான். ஆங்கிலேயர் ஆட்சி நிலைபெற்றதும் படைக்குக் கோட்டை தேவையற்றதாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதில்கள் இடிக்கப்பட்டன. கீழ்வாயிலும் மேல்வாயிலுமே எஞ்சின. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையோ 1801-இல் தரைமட்டமாக்கப்பட்டது. 1974-இல் தமிழக அரசு அங்கே நினைவுக் கோட்டை ஒன்றை எழுப்பியது.

இவ்விரு கோட்டைகளும் நமக்கு ஓர் உண்மையை உணர்த்துகின்றன. கோட்டை இடிந்தால், அதன் நினைவாகவேனும் மற்றொன்றைக் கட்டிவிடலாம். குன்று அவ்வாறன்று. கற்படுக்கை வெட்டப்பட்ட பாறையைப் பிளந்து பலகைக் கற்களாக அறுத்து ஏற்றுமதி செய்துவிட்டால், எந்த அரசாலும் அதனை மீண்டும் உண்டாக்க இயலாது. நம் முன்னோர் விட்டுச் சென்றவற்றுள் பெரும்பகுதி குன்றுகளில்தான் உள்ளது. ஆதலின் அவற்றை யார் காப்பது என்னும் வினா, மற்றெவரினும் நமக்கே நெருக்கமானது. அவ்வினாவுக்கு நம் காலத்திலேயே விடை தந்த ஊர் ஒன்று உண்டு. அவ்வூர் மதுரை மாவட்டத்தில் இருந்தாலும், அதன் குகைகளைக் கொடுத்தவர்களின் பெயர்கள் நம்மை நெல்லைச் சீமைக்கே அழைத்து வருகின்றன.

நெல்வேலியாரும் இலஞ்சியாரும்

மதுரைக்கு வடகிழக்கே, மேலூர் வட்டத்தில் அரிட்டாபட்டி உள்ளது. அங்குள்ள கழிஞ்சமலைக் குகையில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட இரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. ஒன்று, நெல்வேலியைச் சேர்ந்த செழியன் அதினன் வெளியன் என்பார் அக்குகையைச் செய்வித்துக் கொடுத்ததைக் கூறுகிறது. 2003-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட மற்றொன்று, இலஞ்சியைச் சேர்ந்த இளம்பேராதன் மகன் இமயவன் கொடுத்த கொடையைப் பதிவு செய்கிறது. நெல்வேலி என்றதும் திருநெல்வேலியும், இலஞ்சி என்றதும் குற்றாலத்தை அடுத்த இலஞ்சியும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. பொருநை நாட்டுப் பெயர்களைத் தாங்கிய இருவர், மதுரைப் பெருவழியை அடுத்த குன்றில் துறவியர்க்கு உறையுள் அமைத்திருக்கின்றனர்.

அருகிலுள்ள மீனாட்சிபுரத்து ஓவாமலையில் இன்னும் புகழ்பெற்ற கல்வெட்டுகள் உள்ளன. மாங்குளம் கல்வெட்டுகள் என அறிஞர் அவற்றைக் குறிப்பர். பாண்டியன் நெடுஞ்செழியன் காலத்தில் கணிநந்தாசிரியர் என்னும் துறவிக்குப் பள்ளி அமைத்துக் கொடுத்ததை அவை கூறுகின்றன. 1882-இல் இராபர்ட் சூவெல் அவற்றை வெளியுலகுக்கு அறிவித்தார்.

கழிஞ்சமலையின் வரலாறு குகைக் கொடையோடு நின்றுவிடவில்லை. ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டுகள் கழித்து, அதே மலையில் தீர்த்தங்கரர் திருமேனி ஒன்று பாறையில் செதுக்கப்பட்டது. அதன்கீழ் உள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு மலையின் அன்றைய பெயரைத் திருப்பிணையன்மலை என்று தருகிறது. பொற்கோட்டுக் கரணத்தார் பேரால் அச்சணந்தி அத்திருமேனியைச் செய்வித்தார் என்றும், அது பாதிரிக்குடியார் ரட்சை என்றும் அக்கல்வெட்டு முடிகிறது.

அச்சணந்தி அடிகள் நமக்குப் புதியவர் அல்லர். கீழக்குயில்குடி, உத்தமபாளையம், ஐவர்மலை முதலிய இடங்களில் அவர் பெயர் உள்ளது. நெல்லை மாவட்டத்து ஏர்வாடி இரட்டைப்பொத்தைப் பாறையிலும் அவர் செய்வித்த திருமேனிகள் உள்ளன. அவ்வாறு ஊர் ஊராகச் சென்ற துறவி, ஓரிடத்தில் நிலையாக இருந்து காவல் செய்ய இயலாது. திருமேனியைச் செய்வித்தவர் ஒருவர், யார் பேரால் செய்யப்பட்டதோ அவர் வேறொருவர், காப்பவர் மூன்றாமவர். அம்மூன்றாம் பொறுப்பு பாதிரிக்குடி என்னும் ஊராருக்கு உரியதாயிற்று. ஆனைமலைத் திருமேனிகளின் கீழும் இந்த ‘ரட்சை’ என்னும் சொல்லைக் காண்கிறோம். அக்காலச் சமணப் பெரியோர் உருவத்தைச் செதுக்கியதோடு, அதனைக் காக்க வேண்டியவரின் பெயரையும் அதன் அடியிலேயே பொறித்து வைத்தனர்.

மலையைக் காத்த ஊர்

இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலூர்ப் பகுதியின் பல குன்றுகள் கிரானைட் கற்களுக்காக வெட்டப்பட்டன. சமணர் படுக்கைகள் உள்ள கீழவளவு போன்ற ஊர்களும் குவாரிகளின் நடுவே அகப்பட்டன. முறைகேடுகளை விசாரிக்க 2014-இல் சென்னை உயர்நீதிமன்றம் இ.ஆ.ப. அலுவலர் உ. சகாயத்தைச் சட்ட ஆணையராக நியமித்தது. அவர் அறிக்கை 2015-இல் அளிக்கப்பட்டது. அதற்குள் பல குன்றுகள் குழிகளாகிவிட்டன. அரிட்டாபட்டியின் குன்றுகளுக்கும் அத்தகைய இடர் வந்தபோது, ஊரார் சங்கமாகத் திரண்டு போராடி அவற்றை வெட்டவிடாமல் தடுத்தனர்.

அவர்கள் அம்மலையைக் காத்ததற்குத் தொன்மை ஒன்றே காரணமன்று. மழைநீர் அக்குன்றுகளின் சரிவில் வழிந்து, சுனைகளில் தேங்கி, கண்மாய்களில் நிறைந்து வயலுக்கு வருகிறது. அரசின் அறிவிப்பின்படி ஏழு குன்றுகளைக் கொண்ட இப்பகுதியில் 72 நீர்நிலைகளும் 200 இயற்கைச் சுனைகளும் 3 தடுப்பணைகளும் உள்ளன. ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் இங்குப் பதிவாகியுள்ளன. அரிய வல்லூறு இனங்களும் அவற்றுள் அடங்கும். எறும்புத்தின்னியும் தேவாங்கும் மலைப்பாம்பும் இங்கு வாழ்கின்றன. பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயிலும் இங்கு உண்டு. சமணத் திருமேனியும் சிவன் கோயிலும் ஊர்க் கண்மாயும் அவ்வூர் மக்களுக்கு ஒரே மலையின் உறுப்புகள்.

2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின் கீழ், 2022 நவம்பர் 22 அன்று அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் அடங்கிய 193.215 ஹெக்டேர் நிலத்தைத் தமிழக அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் இத்தகுதி பெற்ற முதல் இடம் இதுவே.

எனினும் அரசாணை மட்டும் மலையைக் காத்துவிடவில்லை. ஈராண்டுக்குள், 2024 நவம்பர் 7 அன்று, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதிக்குத் தனியார் நிறுவனம் ஒன்று ஏலத்தில் தேர்வு பெற்றதாக ஒன்றிய அரசு அறிவித்தது. தொகுதியின் பரப்பு 2015.51 ஹெக்டேர். பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட நிலமும் அதனுள் அடங்கியிருந்தது.

அதே மாதம் கிராம சபைகள் கூடி எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றின. டிசம்பர் 9 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவை ஒருமனதாகத் தீர்மானம் இயற்றியது. டிசம்பர் இறுதியில், பாரம்பரியத் தலத்தை மட்டும் நீக்கிவிட்டு எல்லையை மறுஆய்வு செய்யலாம் என்னும் நிலைக்கு ஒன்றிய அரசின் சுரங்கத்துறை வந்தது.

நாம் ஊன்றி நோக்க வேண்டிய இடம் இது. கல்வெட்டும் திருமேனியும் மட்டுமே கருத்து என்றால், அந்த ஏற்பாட்டை ஏற்றிருக்கலாம். ஊரார் ஏற்கவில்லை. சுற்றிலும் சுரங்கம் தோண்டப்பட்டு, நீர்வழி அறுந்து, வயல் தரிசாகி, மக்கள் ஊரைவிட்டு அகன்றபின் அந்த மலை யாருக்கு? முழுத்தொகுதியையும் கைவிட வேண்டும் என்றே அவர்கள் கோரினர். 2025 சனவரி 7 அன்று மேலூர்ப் பகுதி உழவர்கள் பெருந்திரளாக மதுரை தல்லாகுளம் நோக்கிப் பேரணியாகச் சென்றனர். பின்னர் அவர்களின் பேராளர்கள் தில்லி சென்று ஒன்றிய அமைச்சரைச் சந்தித்தனர். சனவரி 23 அன்று ஏலம் முற்றிலும் நீக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது.

அவர்களுள் பெரும்பாலோர் சமணர் அல்லர். ஆயினும் பாதிரிக்குடியார்க்கு அன்று உரித்தாக்கப்பட்ட ரட்சையை இன்று நிறைவேற்றியவர் அவர்களே. தமிழ்ச் சமணர் அனைவரும் அவர்களுக்கு நன்றிக்கடன் பட்டுள்ளோம்.

நம் கடன்

பொருநை நாட்டில் நம் கவனத்துக்குரிய இடங்கள் பல உள்ளன. கழுகுமலை பலரும் அறிந்தது; குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களின் பெயர்களைத் தாங்கிய அதன் கல்வெட்டுகள் நமக்குப் பெருமை சேர்ப்பவை. சிங்கிகுளத்து மலைக்கோயிலில் தீர்த்தங்கரர் திருவுருவம் ஊராரின் வழிபாட்டில் இருந்துவருகிறது. ஏர்வாடிப் பாறையையும் மறுகால்தலைக் குன்றையும் நாடிச் செல்வோர் மிகக் குறைவு.

இவ்விடங்களுக்கு ஆண்டுக்கொருமுறை பேருந்தில் சென்று, வணங்கி, ஒளிப்படம் எடுத்துத் திரும்புவது நல்ல செயலே. அதனினும் நல்லது, அவ்வூராரோடு உறவு கொள்வது. குன்றின் எழுத்து என்ன சொல்கிறது என்பதை ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எளிய தமிழில் எடுத்துரைக்கலாம். கல்வெட்டின் வாசகத்தையும் பொருளையும் தாங்கிய பலகையை, உரிய துறையின் இசைவோடும் ஊராட்சியின் ஒப்புதலோடும் நிறுவலாம். ஊராரின் கண்மாயும் மேய்ச்சல் நிலமும் இடர்ப்படும்போது, அது அவர்களுடைய வழக்கு என்று நாம் ஒதுங்காதிருக்கலாம். நம் அடையாளத்தை அங்கே நிலைநாட்ட முனைவதைவிட, குன்று தங்களுடையது என்னும் உரிமையுணர்வு ஊராரிடத்து வேரூன்றச் செய்வதே நிலைத்த காவலாகும்.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் நெல்வேலியாரும் இலஞ்சியாரும் தம் பொருளைச் செலவிட்டு மேலூர்க் குன்றில் குகை அமைத்தனர். அக்குன்றை இன்று மேலூர் உழவர்கள் மீட்டுத் தந்துள்ளனர். மறுகால்தலைக் கற்படுக்கைக்கும் இரட்டைப்பொத்தைத் திருமேனிகளுக்கும் அத்தகைய இடர் நேருமுன், அவ்வூர்களில் நமக்கு நண்பர்கள் இருத்தல் வேண்டும். அந்நட்பைத் தொடங்க இவ்விழாக் காலத்தினும் ஏற்றதொரு காலம் வேறில்லை.