சமூகப்பணிக் கல்வி (இந்தியா)

ஏழைகளுக்கும் நலிந்தோருக்கும் துணைநிற்பதை முறையாகப் பயின்று செய்யவேண்டிய தொழிலாகக் கற்பிப்பது இந்தியாவில் 1936இல் பம்பாயில் தொடங்கியது. நாக்பாடாவின் தொழிலாளர் குடியிருப்புகளுக்கிடையே சமூக மையம் நடத்திவந்த அமெரிக்க மிஷனரி கிளிஃபோர்ட் மான்ஷார்ட் இயக்குநராக, டாட்டா அறக்கட்டளையின் நிதியில் சர் தோராப்ஜி டாட்டா சமூகப்பணிப் பள்ளி திறக்கப்பட்டது. அவருக்குப்பின் பொறுப்பேற்றவர் தமிழரான ஜே.எம். குமரப்பா, காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பாவின் உடன்பிறந்தவர். 1944இல் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் எனப் பெயர் மாறிய அப்பள்ளி, 1964இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் 1952இல் சமூகப்பணிப் பள்ளி உருவாயிற்று.

இக்கல்வி வளர்ந்த திசையை வறுமையைவிட வேலைவாய்ப்பே பெரிதும் தீர்மானித்தது என்பதை அதன் வரலாறு காட்டுகிறது. 500 பேருக்குக் குறையாமல் வேலைசெய்யும் ஆலைகளில் நல அலுவலர் இருக்கவேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் (பிரிவு 49) விதித்தது. சேரிக்கோ சிற்றூருக்கோ பயிற்சி பெற்ற பணியாளர் வேண்டும் என்று அதேபோல் கட்டாயப்படுத்த எச்சட்டமும் இல்லை. ஆகவே தொழிலாளர் நலம், பணியாளர் மேலாண்மை ஆகிய பிரிவுகளை நோக்கி மாணவர் திரண்டதில் வியப்பில்லை. சமூகப்பணி முதுகலைப் பட்டமான எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவரென்றால் கம்பெனியின் மனிதவளத் துறைக்காரர் என்று எண்ணும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்றும் உண்டு, குறை மாணவருடையதன்று.

தொண்டுக்கு மனம் போதாதா, பட்டம் எதற்கு என்பது பழைய கேள்வி. இளைஞர் நீதிச் சட்டத்தின் (2015) கீழ் ஒரு குழந்தையின் குடும்பநிலையை விசாரித்து எழுதப்படும் அறிக்கை, அக்குழந்தை வீட்டில் வளர்வதா இல்லத்தில் வளர்வதா என்பதையே மாற்றிவிடக்கூடும். அங்கே இரக்கம் தேவை, ஆனால் அது மட்டும் போதாது. கேட்கும் முறை, மறைபொருள் காக்கும் ஒழுக்கம், சட்ட அறிவு ஆகியவை வேண்டும். வகுப்பறைக்கு ஈடாகக் களப்பணியையும், அதை வாரந்தோறும் ஆசிரியர் திறனாய்வதையும் இப்படிப்பு வற்புறுத்துவது இதனால்தான். அமெரிக்க இறக்குமதி என்ற கண்டனத்தில் உண்மை உண்டு: தனியாள் சிக்கலைத் தீர்க்கும் முறைகள் அங்கிருந்து வந்தவை, சாதி அவற்றின் கணக்கில் இல்லை. ஆனால் அது பாடத்திட்டத்தைத் திருத்தக் காரணமாகுமே தவிர, படிப்பைக் கைவிடக் காரணமாகாது.

இங்கிலாந்தில் பதிவுபெறாதவர் தம்மைச் சமூகப்பணியாளர் என்று அழைத்துக்கொள்வது 2005 முதல் குற்றம். அத்தகைய சட்டம் இங்கு வந்தால் பட்டமில்லாத ஊர்த்தொண்டர்கள் ஒதுக்கப்படுவார்கள் என்ற அச்சம் நியாயமானதே. தொண்டைத் தடுக்காமல், பிறர் வாழ்வை முடிவுசெய்யும் பணிகளுக்கு மட்டும் தகுதி கேட்டால் அந்த அச்சம் நீங்கும். 2021ஆம் ஆண்டின் துணைமருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் மருத்துவ, மனநலச் சமூகப்பணியாளரைத் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. குழந்தை நலத்திலும் சமுதாய வளர்ச்சியிலும் பணிபுரியும் பட்டதாரிகள் அதற்கு வெளியே நிற்கின்றனர்.